வாட் கணக்கும் சுவர்க் கணக்கும்

1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்த டேப் ரெக்கார்டர் செட்டுகளின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ஓர் எண் மின்னும்: ‘1,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ செட்டைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பார்த்தால், அது பிளக்கிலிருந்து இழுக்கும் மின்சாரம் 20 வாட், 30 வாட் என்று பொடி எழுத்தில் இருக்கும். 30 வாட் உள்ளே போய் 1,000 வாட் வெளியே வருமானால் நெய்வேலியை மூடிவிட்டு ஊருக்கு நாலு டேப் ரெக்கார்டர் வைத்திருக்கலாம். பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு கணம் வந்து போகும் உச்சத்தை, எல்லா ஸ்பீக்கர்களுக்கும் கூட்டி, அதன்மேல் விற்பனைப் பிரிவின் கற்பனையையும் ஏற்றிக் கிடைக்கும் எண் அது.

இந்த விளையாட்டு நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் அதற்கு வெகு முன்பே ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் விற்றவர்கள் ‘பீக் பவர்’, ‘மியூசிக் பவர்’ என்று ஆளுக்கொரு அளவுகோலை எடுத்துக்கொண்டு எண்களை ஊதிப் பெருக்கினார்கள். குழப்பம் முற்றியபோது அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தலையிட்டு 1974இல் ஒரு விதி கொண்டுவந்தது. வாட் என்று விளம்பரம் செய்தால் அது தொடர்ந்து தரக்கூடிய திறனாக இருக்க வேண்டும். எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை, எவ்வளவு திரிபோடு என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபயரை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றொரு நிபந்தனையும் இருந்தது. கேட்பதற்கு இது சலுகை மாதிரி தெரியும். உண்மையில் அதுதான் அக்கினிப் பரீட்சை. வழக்கமான ஆம்ப்ளிஃபயர் சுற்று முழுத் திறனில் ஓடும்போது மிக அதிகமாகச் சூடாவதில்லை; கோட்பாட்டின்படி ஏறக்குறைய 40 சதவீதத்தில் ஓடும்போதுதான் அதன் டிரான்சிஸ்டர்களில் வெப்பமாக வீணாகும் திறன் உச்சத்தைத் தொடுகிறது. மூன்றில் ஒரு பங்கு அதற்கு வெகு அருகில் இருக்கிறது. பிற்பாடு இந்த நிபந்தனை எட்டில் ஒரு பங்காகத் தளர்ந்தது. 2024இல் விதி மறுபடி இறுக்கப்பட்டது: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 1 சதவீதத்துக்கும் குறைந்த திரிபு என்ற ஒரே அளவுகோலில்தான் வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் தங்கள் வாட்டைச் சொல்ல வேண்டும்.

ஹோம் தியேட்டருக்கு ஏ.வி. ரிசீவர், அதாவது எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி, வாங்கப் போகிறவரின் கண் முதலில் போய் நிற்பது இந்த வாட் எண்ணில்தான். ஆகவே அதை முதலில் தீர்த்துவிடுவது நல்லது.

டெனான் நிறுவனத்தின் ஏ.வி.ஆர்-எக்ஸ்3800எச் என்ற ரிசீவரை எடுத்துக்கொள்வோம். 2022இல் வந்த இந்தப் பெட்டியில் 9 ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. ஒரு சேனலுக்கு 105 வாட் என்கிறது விவரக்குறிப்பு. ஒன்பதால் பெருக்கி 945 வாட் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அதே வரியில் ‘இரண்டு சேனல்கள் இயங்கும்போது’ என்ற ஒரு வால் இருக்கிறது. ஒன்பது ஆம்ப்ளிஃபயர்களுக்கும் சோறு போடுவது ஒரே மின்வழங்கிதான். ஒன்பதும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் கத்தினால் ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கும். இது ஏமாற்று வேலை அல்ல, ஏனென்றால் எந்தத் திரைப்படமும் எல்லாச் சேனல்களிலும் ஒரே விநாடியில் உச்சத்தைக் கேட்பதில்லை. அதே நிறுவனத்தின் கீழ்மட்ட மாடலான எக்ஸ்1800எச் ஒரு சேனலுக்கு 80 வாட் தருகிறது. இரண்டுக்கும் விலையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். 80க்கும் 105க்கும் இடையில் காதுக்கு எவ்வளவு வித்தியாசம்?

காது வாட்டைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை, பெருக்கல் கணக்கில் கேட்கிறது. திறன் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல் உயரும். ஒலி இரண்டு மடங்கு சத்தமாகிவிட்டது என்று மனிதர் உணர ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் தேவை. 80 வாட்டிலிருந்து 105 வாட்டுக்குப் போவது வெறும் 1.2 டெசிபல். வால்யூம் குமிழை ஒரு நூலளவு திருப்பினால் வருகிற மாற்றம் அது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். சராசரியான ஒரு ஸ்பீக்கர் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் ஒலி தரும். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்திருப்பவரிடம், சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து, 80 டெசிபல் அளவில் வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு படம் பார்க்கும்போது சராசரி ஒலி 70 டெசிபலைச் சுற்றி இருந்தால் அதற்குச் செலவாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. வெடிகுண்டு வெடிக்கும் கணத்தில் 90 டெசிபல் வரை எகிறினால் 10 வாட். 100 டெசிபல் என்றால் 100 வாட். சினிமா அரங்குகளின் அளவுகோலில் ஒரு முன்சேனலின் உச்சம் 105 டெசிபல். அதை இந்த ஸ்பீக்கரில் எட்ட 300 வாட்டுக்கு மேல் வேண்டும். அந்தச் சத்தத்தில் வீட்டில் படம் பார்ப்பவர்கள் மிகக் குறைவு, அவர்களுக்கு வாய்த்த அக்கம்பக்கத்தார் அதைவிடக் குறைவு. ஆழமான தாழ்வொலியைத் தன் சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிட்டால் ரிசீவரின் சுமை இன்னும் இறங்கும். பெரிய கூடம், சோம்பலான ஸ்பீக்கர்கள், 4 ஓம் வகை என்று ஏதாவது இருந்தாலொழிய வாட் எண்ணை வைத்து ரிசீவரைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதத் திரிபு, ஒரு சேனல்’ என்று அடிக்குறிப்பில் எழுதியிருக்கும் பெட்டியைக் கண்டால் மட்டும், அது பி.எம்.பி.ஓ. வம்சத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால் போதும்.

சரி, அந்த இரண்டு மடங்கு விலை எதற்கு? பதில் பெட்டிக்குள் இல்லை. அறைக்குள் இருக்கிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரத்தில் கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ். தமிழ்நாட்டில் கட்டப்பட்ட எத்தனையோ வீடுகளின் டிவி அறை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். இந்த அறையில் ஒலிக்கு என்ன நேர்கிறது? ஒலி அலை ஒரு சுவரில் முட்டித் திரும்பி எதிர்ச்சுவரில் முட்டி மீண்டும் வருகிறது. அலையின் நீளம் சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருந்துவிட்டால், போகும் அலையும் வரும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிலைத்த அலையாகிவிடும். ஊஞ்சலை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுவதைப் போல, ஸ்பீக்கர் தரும் ஒவ்வொரு சிறு தள்ளலும் அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் வளர்த்துக்கொண்டே போகும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு இது ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸில் நேர்கிறது. பத்தடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸில். கூரையின் உயரமும் பத்தடிதானே? ஆக அகலமும் உயரமும் கைகோத்து அதே 56 ஹெர்ட்ஸை இரட்டிப்பாகத் தூக்கிவிடும். ஒலியியலின் கண்ணுக்கு இரண்டு பக்கம் சமமான அறை தொல்லை. மூன்றும் சமமான அறை பெருந்தொல்லை.

இந்த அலையின் அழுத்தம் சுவரோரத்தில் மிக அதிகம், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டவருக்கு மத்தளம் காதுக்குள்ளேயே உறுமும். அதே வீட்டில் நடு அறையில் நாற்காலி போட்டவர் “பேஸே இல்லையே” என்று வூஃபரைத் திட்டுவார். இருவரும் சொல்வது உண்மை. ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1950களில் தந்த ஒரு சூத்திரம், எந்த அதிர்வெண் வரை அறையின் இந்த ஆட்சி நடக்கும் என்று கணிக்க உதவுகிறது. எதிரொலி அரை விநாடி நிற்கிற மேற்சொன்ன அறைக்கு அது சுமார் 240 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒருவர் கேட்பது ஸ்பீக்கரை அல்ல, பெரும்பாலும் அறையை. பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் வயர் இதில் எதையும் மாற்றாது.

அறையை இடித்துக் கட்ட முடியாதவர்களுக்காக வந்ததுதான் ‘ரூம் கரெக்‌ஷன்’. ரிசீவரோடு ஒரு சிறு மைக் வரும். அதை உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ‘வ்வூப்’ என்று தாழ்விலிருந்து உச்சம் வரை ஓர் ஒலியை அனுப்பும். திரும்ப வந்ததை அனுப்பியதோடு ஒப்பிட்டு, எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம், எது எவ்வளவு சத்தம், அறை எந்த அதிர்வெண்ணை உப்பவைக்கிறது, எதை விழுங்குகிறது என்று கணக்குப் போடும். உப்பியதை வெட்டும் எதிர்வடிகட்டியை அதுவே உருவாக்கிக்கொள்ளும். மைக்கை ஆறு, எட்டு இடங்களில் நகர்த்தி நகர்த்தி இதைச் செய்ய வேண்டும். ஒரே இடத்தில் அளந்தால் அந்த ஓர் இருக்கைக்கு மட்டும் அறை திருந்தும், பக்கத்து இருக்கை கெடும். அளக்கும் அந்தக் கால் மணி நேரம் மின்விசிறி நின்றிருக்க வேண்டும். சமையலறையில் குக்கர் ஏறியிருக்கக் கூடாது. நடுவில் ஒரு விசில் வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

இந்தத் தொழில்நுட்பத்தின் பின்னால் இருப்பவர்களில் டாம்லின்சன் ஹோல்மன் என்ற அமெரிக்கர் சுவாரசியமானவர். ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, சினிமா அரங்குகளின் ஒலித் தரத்தை ஒழுங்குபடுத்த 1983இல் உருவான டி.எச்.எக்ஸ். முறைக்கு மூலகர்த்தா அவர். பெயரிலேயே அவருடைய முதலெழுத்துகள் இருக்கின்றன. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாச் சேனல்களிலிருந்தும் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் வழக்கம் டி.எச்.எக்ஸ். வழியாகத்தான் வீடுகளுக்கு வந்தது. அந்த அளவுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம் என்பதே காரணம். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் என்ற ‘5.1’ கணக்கைப் பரப்பியவரும் அவரே. பிறகு தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் கிரியாகாகிஸ், சுனில் பரிட்கர் ஆகியோரோடு சேர்ந்து 2002இல் அவர் தொடங்கிய நிறுவனம் ஆடிஸி. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் மைக் நீட்டுவது அந்த நிறுவனத்தின் மென்பொருள்தான். முதலில் அரங்கைத் திருத்த முயன்றவர், பிறகு வீட்டு அறையைத் திருத்த வந்தார்.

மேலே சொன்ன இரண்டு டெனான் மாடல்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கீழ்மட்டப் பெட்டியில் ஆடிஸியின் எளிய பதிப்பு. மேல்மட்டப் பெட்டியில் தாழ்வொலியைப் பல மடங்கு நுணுக்கமாகச் செதுக்கும் ‘எக்ஸ்.டி.32’ பதிப்பு, காசு கூடக் கொடுத்தால் ஸ்வீடனின் டிராக் நிறுவனம் எழுதிய டிராக் லைவ் மென்பொருளையும் ஏற்றிக்கொள்ளலாம். யமஹாவில் இதே வேலைக்கு ஒய்.பி.ஏ.ஓ., ஆந்தம் ரிசீவர்களில் அவர்களுடைய சொந்த முறை. இவற்றுள் எது உயர்ந்தது என்ற சண்டை ஓயாதது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு: தாழ்வொலியில் எவ்வளவு நுணுக்கம், திருத்தம் எந்த அதிர்வெண் வரை போகலாம் என்பதைப் பயனாளரே தீர்மானிக்க வழியுண்டா, செயலியில் வளைகோட்டைப் பார்த்துத் திருத்த முடியுமா. உச்ச அதிர்வெண்களில் நல்ல ஸ்பீக்கரின் இயல்பில் கைவைக்காமல், ஷ்ரோடர் எல்லைக்குக் கீழே மட்டும் திருத்தினால் பல அறைகளில் ஒலி இயல்பாக இருக்கும்.

எந்த மென்பொருளுக்கும் ஒரு வரம்பு உண்டு. உப்பலை வெட்டலாம், குழியை நிரப்ப முடியாது. அறையின் நடுவில் 47 ஹெர்ட்ஸ் காணாமல் போகிறது என்றால், அங்கே அலையும் எதிரலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று பொருள். 9 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் எட்டு மடங்கு உழைக்கும், எதிரலையும் அதே அளவு வளரும், குழி குழியாகவே இருக்கும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் சேர்ந்து எழுப்பும் படபடப்பான எதிரொலிக்கும் மென்பொருளில் மருந்தில்லை. கனமான திரைச்சீலையும் புத்தக அலமாரியும் ஜமுக்காளமும் செய்வதை ரிசீவர் செய்யாது.

குழிக்கு மருந்து இரண்டாவது வூஃபர். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஓர் அறைக்கு எத்தனை சப்வூஃபர் போதும் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இரண்டை வைத்தால் பல இருக்கைகளுக்கும் தாழ்வொலி சமமாகும் என்று அவர் காட்டினார். காரணம் எளிது: முதல் நிலைத்த அலையில் எதிர்ச்சுவர்கள் எதிரெதிர்க் கட்டத்தில் அதிர்பவை; இரு சுவர்களிலிருந்தும் ஒரே கட்டத்தில் தள்ளினால் அந்த அலை எழவே எழாது. நான்குக்கு மேல் வைப்பதால் பெரிய பயனில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இங்கே ரிசீவர் விவரக்குறிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘7.2’ என்று போட்டிருக்கும் மலிவான பெட்டிகள் பலவற்றில் அந்த இரண்டு வூஃபர் துளைகளும் உள்ளே ஒரே கம்பிதான். ஒரே சமிக்ஞை இரண்டாகப் பிரிந்து வருகிறது. இரண்டு வூஃபர்களுக்கும் தனித்தனியே தூரமும் அளவும் அமைக்க முடிகிற பெட்டிதான் வேண்டும். எக்ஸ்3800எச்சில் நான்கு தனித்தனி வெளியீடுகள் இருக்கின்றன. அதன் விலையில் நியாயமான பகுதி இது.

இனி இரவு பத்து மணி. குழந்தைகள் தூங்கியாகிவிட்டது, வால்யூம் இறங்கிவிட்டது. படத்தின் உயிரும் போய்விட்டது போல இருக்கிறது. இதற்கு விளக்கம் 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் வரைந்த வளைகோடுகளில் இருக்கிறது. காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஒலி குறையக் குறைய தாழ்வொலியைத்தான் அது முதலில் கைவிடும். இன்று புழங்கும் சர்வதேசத் தரவளைகோட்டின்படி, 80 டெசிபல் அளவில் ஒலிக்கும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஈடாகக் கேட்க 50 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 102 டெசிபல் இருக்க வேண்டும். வால்யூமை 40 டெசிபல் இறக்கினால் இரண்டும் 40 இறங்கி, தாழ்வொலி 62இல் வந்து நிற்கும். ஆனால் அந்த மட்டத்தில் காது கேட்பது 78. பதினாறு டெசிபல் பள்ளம். ஆடிஸியின் ‘டைனமிக் ஈ.கியூ.’, யமஹாவின் ‘ஒய்.பி.ஏ.ஓ. வால்யூம்’ போன்றவை வால்யூம் எங்கே நிற்கிறது என்று பார்த்து இந்தப் பள்ளத்தைத் தாமாகவே நிரப்புகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு நூறு வாட்டைவிட இந்த ஒரு பொத்தான் அதிகம் உதவும். விளம்பரங்களில் அதைத் தேடிப் பார்த்தால், பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

அதே 1933ஆம் ஆண்டு ஏப்ரலில் ஃப்ளெட்சரின் குழு இன்னொன்றும் செய்தது. பிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை மூன்று மைக்குகளால் வாங்கி, தொலைபேசிக் கம்பிகளில் வாஷிங்டன் வரை அனுப்பி, அங்கே மேடையில் மூன்று ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டார்கள். இடம், வலம், நடு. கட்டுப்பாட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தவர் இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி. அந்த நடு ஸ்பீக்கரின் வாரிசுதான் இன்று டிவிக்குக் கீழே படுத்திருக்கும் சென்டர் சேனல். வசனத்தின் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. “சண்டை வந்தா காது கிழியுது, பேசினா ஒண்ணும் கேக்கல” என்று வீட்டில் எழும் புகாருக்கு முதல் வைத்தியம், சென்டர் சேனலின் அளவைத் தனியே இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுவது. ரிமோட்டில் ஓரிரு அழுத்தலில் அதைச் செய்ய முடிகிறதா, ஐந்து மெனுக்களுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்களா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

சேனல்களின் எண்ணிக்கை அடுத்த மயக்கம். ‘5.1.2’ என்பதில் ஐந்து சுற்றிலும், ஒன்று வூஃபர், இரண்டு தலைக்கு மேலே. அந்த மூன்றாவது எண் 2012இல் திரையரங்குகளில் அறிமுகமாகி 2014இல் வீடுகளுக்கு வந்த டால்பி ஆட்மாஸின் வரவு. அதற்கு முந்தைய முறைகளில் ஒலி ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கருக்கென்று எழுதப்பட்டது. ஆட்மாஸில் ஒலிப்பொருள் ஒன்று அறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் எழுதப்படும். இருக்கிற ஸ்பீக்கர்களைக் கொண்டு அதை அங்கே நிறுத்துவது ரிசீவரின் பொறுப்பு. அதனால் நான்கு ஸ்பீக்கர் குறைவாக இருந்தால் எதுவும் தொலைந்துபோவதில்லை, இட நுணுக்கம் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவே. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பதினொரு ஸ்பீக்கர் மாட்டினால், அவற்றில் சில உட்கார்ந்திருப்பவரின் தோளில்தான் மாட்டப்பட்டிருக்கும். 5.1.2 அல்லது 5.1.4 அங்கே தாராளம். கூரையில் துளை போட மனமில்லாதவர்களுக்கு ஒலியை மேல்நோக்கி எறிந்து கூரையில் பட்டுத் திரும்பவைக்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. அவற்றுக்குத் தட்டையான, கடினமான கூரை வேண்டும். அடுக்கடுக்காக மடிப்பு வைத்த ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கலாம்.

தமிழ் சினிமா இந்த ஒலி மாற்றங்களைத் தாமதமில்லாமல் எடுத்துக்கொண்டது. 1995இல் குருதிப்புனல் டால்பி ஒலியோடும், அடுத்த ஆண்டே கருப்பு ரோஜா டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. 2013இல் விஸ்வரூபம் பெல்ஜியத்தில் பிறந்த ஆரோ-3டி முறையில் ஒலித்தது. சில ரிசீவர்களில் ஆரோ-3டி வசதி இருப்பதைக் கண்டு ஆசைப்படுகிறவர்கள், வீட்டுக்கு வரும் ஸ்ட்ரீமிங்கில் ஆட்மாஸின் ஆட்சிதான் நடக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எண்வடிவ ஒலியை மின்சமிக்ஞையாக மாற்றும் சில்லைப் பற்றி விவரக்குறிப்பு பெருமையடிக்கும் ‘32 பிட் டி.ஏ.சி.’ என்பதிலும் மயங்க எதுவுமில்லை. 24 பிட்டுக்கே கோட்பாட்டளவில் 144 டெசிபல் வீச்சு உண்டு. மின்தடைகளின் வெப்ப இரைச்சல் அந்த எல்லையை எட்டவே விடாது. பழைய படங்களை 4கேயாகவோ 8கேயாகவோ மாற்றித் தருகிறேன் என்ற வாக்குறுதியும் அப்படியே. அந்த வேலையை டிவி செய்துகொள்ளும்.

ஆனால் எச்.டி.எம்.ஐ. விஷயத்தில் இப்படி அலட்சியமாக இருக்க முடியாது. ரிசீவரில் முதலில் கிழடாகும் உறுப்பு அதுதான். 2013, 2014 வாக்கில் ‘4கே’ என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்கிய பலரின் பெட்டிகளில் எச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்பு முறை இல்லை. 2016இல் 4கே புளூ-ரே வந்தபோது அந்தப் பெட்டிகள் வழியாகப் படம் போகவில்லை. 2020இல் நடந்தது இன்னும் பெரிய கூத்து. எச்.டி.எம்.ஐ. 2.1 வசதியோடு டெனான், மராண்ட்ஸ், யமஹா ஆகிய மூன்றும் புதிய ரிசீவர்களைக் கொண்டுவந்தன. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை அவற்றில் செருகி, விநாடிக்கு 120 சட்டகங்கள் வேகத்தில் 4கே விளையாட்டைத் தொடங்கினால் திரை கறுப்பாகிவிட்டது. ஜெர்மனியின் ஹைஸே செய்தித்தளம் இதை வெளிக்கொண்டுவந்தது. மூன்று பிராண்டுகளுக்கும் பொதுவாக இருந்த ஒரு சில்லில் பிழை. மென்பொருள் அப்டேட்டில் தீராத பிழை. டெனான், மராண்ட்ஸ் வைத்திருந்தவர்களுக்கு இடையில் செருகிக்கொள்ள ஓர் அடாப்டர் பெட்டி இலவசமாகக் கிடைத்தது. யமஹா சர்க்யூட் போர்டையே மாற்றித் தர முன்வந்தது. புதிய எச்.டி.எம்.ஐ. பதிப்பு வந்த முதல் வருடத்தில் ரிசீவர் வாங்குவது, சோதனைக் களத்துக்குக் காசு கொடுத்துப் போவதுதான்.

இதிலிருந்து தப்ப ஒரு பக்கவழி இருக்கிறது, அதன் பெயர் ஈ-ஆர்க். கேம் கன்சோலையும் ஸ்ட்ரீமிங் பெட்டியையும் நேரே டிவியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் ஒரே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பியனுப்புவது. 2009இல் வந்த பழைய ஆர்க் முறையில் அலைவரிசை குறைவு, 2017இல் எச்.டி.எம்.ஐ. 2.1 உடன் வந்த ஈ-ஆர்க் விநாடிக்கு 37 மெகாபிட் வரை சுமக்கும். புளூ-ரே வட்டிலுள்ள டால்பி ட்ரூ-எச்.டி. ஒலியை டிவி வழியாக அனுப்ப ஈ-ஆர்க்தான் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் ஆட்மாஸுக்கோ அது கட்டாயமில்லை. ஸ்ட்ரீமிங்கில் ஆட்மாஸ் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்தில். நெட்ஃபிளிக்ஸில் அது விநாடிக்கு அதிகபட்சம் 768 கிலோபிட்தான், டிவி ஒத்துழைத்தால் பழைய ஆர்க்கிலேயே ஏறிவிடும். “ஈ-ஆர்க் இல்லேன்னா ஆட்மாஸே வராது சார்” என்று கடைக்காரர் சொன்னால், எந்த ஆட்மாஸ் என்று திருப்பிக் கேட்கலாம். படம் டிவிக்கும் ஒலி ரிசீவருக்கும் என்று பிரித்துவிட்டால், அடுத்த தலைமுறை வீடியோ தரம் வரும்போது டிவியை மட்டும் மாற்றினால் போதும்.

பெட்டியின் பின்பக்கத்தில் இன்னொரு வரிசைத் துளைகளையும் பார்த்துவிட வேண்டும்: ‘ப்ரீ-அவுட்’. ரிசீவரின் மூளையை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, தசைக்கு வெளியே தனி ஆம்ப்ளிஃபயரை மாட்ட வழிசெய்பவை இவை. எக்ஸ்3800எச்சில் ஆம்ப்ளிஃபயர்கள் ஒன்பது இருந்தாலும் அதன் மூளை பதினொரு சேனல்களுக்குக் கணக்குப் போடும். மீதி இரண்டுக்கு ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் போதும். பின்னாளில் பெரிய வீட்டுக்குக் குடிபோய், அங்கே வாட் உண்மையாகவே பற்றாமல் போனால், அப்போதும் ரிசீவரை விற்க வேண்டியதில்லை, முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் வெளி ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் போதும். மலிவான மாடல்களில் முதலில் வெட்டப்படுவது இந்தத் துளைகள்தான்.

கடைசியாக வெப்பம். வழக்கமான ஆம்ப்ளிஃபயர் சுற்று தாழ்ந்த ஒலியில் ஓடும்போது, இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளிவிடும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள், மேலே செட்-டாப் பாக்ஸையும் அடுக்கி, ஏப்ரல் மாதச் சென்னையில் மூன்று மணி நேரப் படத்தை ஓட்டினால் பாதுகாப்புச் சுற்று ரிசீவரை அணைத்துவிடக்கூடும். அணைக்காவிட்டால் இன்னும் மோசம். உள்ளேயிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் வெப்பம் ஏற ஏறக் குறையும், பத்து டிகிரிக்குப் பாதி என்பது மின்னணுப் பொறியாளர்களின் தோராயக் கணக்கு. மேலே குறைந்தது நான்கைந்து அங்குலம் திறந்த வெளி வேண்டும். அலமாரியின் ஆழத்தை டேப்பால் அளந்து, பின்னால் கேபிள் மடங்க இன்னும் நான்கு அங்குலம் கூட்டி, அந்த எண்ணைச் சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. ஏ.வி. ரிசீவர்கள் பல, படத்தில் தெரிவதைவிட ஆழமானவை.